மனை மலிவு, பெட்ரோல் தனி

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால் உள்ளேயிருந்து வழுக்கிக்கொண்டு கீழே விழும் வழவழ நோட்டீஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பச்சைப் புல்வெளி, நாலு தென்னை மரம். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று (அப்பா, அம்மா, பையன், பெண், கூடவே ஒரு நாய்) கையைக் கோத்துக்கொண்டு சூரியனைப் பார்த்து ஓடும். கீழே கொட்டை எழுத்தில் 'தூத்துக்குடிக்கு மிக மிக அருகில்!'

எங்கள் ஊர் ரியல் எஸ்டேட் அகராதியில் ஒரு 'மிக' என்றால் பத்து கிலோமீட்டர். ரெண்டு 'மிக' என்றால் இருபது. மூணு 'மிக' போட்டிருந்தால் அநேகமாக அது திருநெல்வேலி. 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்' என்று எழுதுகிறார்களே, அதுவும் பொய்யில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு, சைரன் போட்ட ஆம்புலன்ஸில், நீங்கள் உள்ளே படுத்திருந்தால் பத்தே நிமிடம்தான்.

நோட்டீஸில் எல்லாம் இருக்கும். அப்ரூவல் நம்பர், முப்பதடி ரோடு, சுவையான நிலத்தடி நீர், பேங்க் லோன், முன்பதிவு செய்தால் வெள்ளிக் காசு. ஒரு சமாசாரம் மட்டும் இருக்காது. அங்கே குடியேறினால் வேலைக்குப் போய்வர மாசம் எவ்வளவு ஆகும்? ஓட்டல் போர்டில் 'பார்சல் தனி' என்று ஒரு வரி எழுதுகிறான் பாருங்கள், அந்த நாணயம்கூட இதில் கிடையாது. நியாயமாகப் பார்த்தால் 'மனை மலிவு, பெட்ரோல் தனி' என்று போடவேண்டும்.

என் சித்தப்பா மகன் ஒருத்தன் ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் ஆபீசில் இருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் டூவிபுரத்தில் ரூம். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, வாடகை ஏறி, வீட்டுக்காரர் 'மோட்டார் அடிக்கடி ஓடுதே' என்று முகத்தைச் சுளிக்க ஆரம்பித்ததும், ரோஷம் வந்து, புதுக்கோட்டை தாண்டி மூணரை சென்ட் வாங்கி வீடு கட்டிவிட்டான். (இது பாளையங்கோட்டை ரோட்டில் இருக்கிற எங்கள் புதுக்கோட்டை. தொண்டைமான் புதுக்கோட்டை இல்லை. அந்த அளவுக்கு 'மிக' போடவில்லை.)

பால் காய்ச்சி ஒரு வருஷம் கழித்துக் கேட்டேன்.

"என்னடே, வீடு எப்படி இருக்கு?"

"வீடு நல்லா இருக்குண்ணே. நான்தான் அதுல இருக்க முடியல. காலையில ஏழரைக்குக் கெளம்புதேன். ராத்திரி வாரதுக்குள்ள புள்ள தூங்கிருது. ஞாயித்துக்கெழம என்னயப் பாத்து 'யாரும்மா இந்த மாமா'ன்னு கேக்காத கொறைதான்."

நான் பி.காம். படித்தவன். மற்றவர்கள் துக்கம் கேட்டால் கண்ணீர் வரும். எனக்குக் கால்குலேட்டர் வரும். அவனை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன்.

ஒரு வழி 22 கிலோமீட்டர். போக வர 44. மாசம் 26 நாள் என்றால் 1,144 கிலோமீட்டர். இது கன்னியாகுமரியிலிருந்து சென்னை போய், திரும்பி வரும் வழியில் திண்டுக்கல்லைத் தாண்டுகிற தூரம். மாசா மாசம். பைக் லிட்டருக்கு 50 கொடுக்கிறது என்று அவன் அடித்துச் சொல்கிறான் (பைக் மைலேஜ் விஷயத்தில் ஆண்கள் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது, இருந்தாலும் வைத்துக்கொள்வோம்). 23 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று ரவுண்டாகப் போட்டால் 2,300. வீட்டு லோன் இருபது வருஷம். விலையே ஏறாது என்று ஒரு மகா கற்பனை செய்துகொண்டால்கூட 20 வருஷத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் சைலன்ஸர் வழியாகப் போகிறது. டயர், செயின், ஆயில், முதுகுக்கு அயோடெக்ஸ் தனி.

நேரத்தைப் போடுங்கள். ஒரு வழிக்கு முக்கால் மணி. மாசம் 39 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்றால் கிட்டத்தட்ட அஞ்சு நாள். அதாவது இவன் மாசம் 26 நாள் சம்பளத்துக்கு வேலை செய்கிறான், அஞ்சு நாள் ரோட்டுக்குச் சும்மா வேலை செய்கிறான்.

அப்புறம் புகை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. முக்கால் கிலோ எடை உள்ள பெட்ரோலிலிருந்து ரெண்டு கிலோவுக்கு மேல் எப்படி வரும் என்று சண்டைக்கு வராதீர்கள். பெட்ரோலில் இருக்கிற கார்பன், காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு எடை கூடிவிடுகிறது, புதுப் பணக்காரன் மாதிரி. மாசம் 53 கிலோ, வருஷம் 630 கிலோவுக்கு மேல். அறுபது கிலோ ஆசாமி ஒருத்தன், தன்னைப்போல் பத்துப் பேர் எடைக்குப் புகையை வருஷா வருஷம் ஆகாயத்துக்கு அனுப்புகிறான், சிகரெட் பழக்கம் இல்லாமலே.

அதே 22 கிலோமீட்டரை ஐம்பது பேர் ஏறிய டவுன் பஸ்ஸில் போனால் தலைக்குக் கால் கிலோ புகை. பைக்கில் ஒரு கிலோ. தன்னந்தனியாகக் காரில் போனால் மூணு கிலோவுக்கு மேல். காலால் நடந்து போனால் கொஞ்சம் வியர்வை, அவ்வளவுதான்.

இதில் பணம், புகையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஹார்பர் ரோட்டில் நீங்கள் டூ-வீலர் ஓட்டியிருந்தால் தெரியும். முன்னால் நாற்பதடி கன்டெய்னர் டிரெய்லர், பின்னால் நிலக்கரி லாரி, பக்கத்தில் உப்பு லாரி, நடுவில் டிபன் பாக்ஸோடு நீங்கள். ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் என் தம்பி வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். அது வருகிறவரை அவன் வீட்டுக்காரி அடுப்பில் எதையும் வைக்க மாட்டாளாம். சாயங்காலமும் இதே கதை. அந்த மிஸ்டு காலை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது என்று பி.காமில் சொல்லித்தரவில்லை.

* * *

தூத்துக்குடி எப்போதும் இப்படி இல்லை. அடிப்படையில் இது நடந்தே கட்டின ஊர்.

பழைய துறைமுகம் ஆழமில்லாதது. கப்பல்கள் பல மைல் தள்ளிக் கடலில் நிற்கும். தோணிகள் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்வரும். ஆகவே தோணிக்காரர்கள் கரையோரம், கரையை ஒட்டி கிட்டங்கி, கிட்டங்கிக்குப் பின்னால் வியாபாரி வீடு, அதற்குப் பின்னால் கிரேட் காட்டன் ரோடு. பருத்தி போன ரோட்டுக்குப் பருத்தி என்றே பெயர் வைத்த ஊர் இது. 1876-ல் ரயில் வந்தது. அதுவும் கடலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டம் போட்டுப் பேசினார்களே, அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் யாரும் பைக்கை எங்கே நிறுத்துவது என்று தேடவில்லை. மில், வீடு, கூட்டம் நடந்த இடம் எல்லாம் கூப்பிடு தூரம்.

இன்னும் சுவாரஸ்யம் முத்துக்குளிப்பு. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி எல்லா வருஷமும் விளையாது. பாரைச் சோதித்துப் பார்த்து, சிப்பி முற்றியிருந்தால்தான் குளிப்பு அறிவிப்பார்கள். அறிவித்ததும் பாருக்கு நேரே கரையில் ஓலையிலும் மூங்கிலிலும் ஒரு ஊரே முளைக்கும். இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டி அப்படி முளைத்த ஊர்தான். 1905 வாக்கில் பல்லாயிரம் பேர் அங்கே வந்து தங்கினார்கள். தூத்துக்குடி, கீழக்கரை ஆட்கள், அரபிகள், வட்டிக்காரர்கள், வியாபாரிகள் என்று ஒரு உலகமே இருந்தது. தெரு, கடைவீதி, ஆஸ்பத்திரி, போலீஸ், கோர்ட் எல்லாம் உண்டு. சீசன் முடிந்ததும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மணல்மேடுதான் மிஞ்சும்.

வேலை எங்கேயோ அங்கே வீடு. ஆறு வாரத்துக்காக ஒரு நகரத்தையே வேலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த மனுஷர்கள், முப்பது வருஷம் உழைக்கப்போகிற ஆளுக்கு ஒரு வீட்டைப் பக்கத்தில் வைக்க முடியாமல் இன்று திணறுகிறோம். (முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. முத்துநகர் எக்ஸ்பிரஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.)

* * *

அப்புறம் புதுத் துறைமுகம் வந்தது. 1974 ஜூலை 11-ல் அது மேஜர் போர்ட் ஆனது. 1975-ல் ஸ்பிக் உர ஆலை, 1978-ல் கனநீர் ஆலை, 1979-ல் அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட். எல்லாம் ஊருக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு அந்தப் பக்கம். ஆனால் அந்தக் காலத்துப் பெரிசுகளுக்கு ஒரு புத்தி இருந்தது. தொழிற்சாலை கட்டும்போதே பக்கத்தில் வீடும் கட்டினார்கள். ஹார்பர் எஸ்டேட், ஸ்பிக் நகர், தெர்மல் நகர்.

எங்கள் தலைமுறைக்கு இதெல்லாம் சொர்க்கலோகம். வேப்பமர நிழல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம், கோ-ஆபரேட்டிவ் ஸ்டோர். ஷிப்டுக்கு சைக்கிளில் போவார்கள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு கோழித்தூக்கமும் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. கல்யாணச் சந்தையில் 'மாப்பிள்ளைக்கு குவார்ட்டர்ஸ்' என்றால் நாலு பவுன் கூட. (இளைஞர்களே, இது வேறு குவார்ட்டர்.) யாரும் அங்கே சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதாக நினைத்து சைக்கிள் மிதிக்கவில்லை. வேலை பக்கத்தில் இருந்தது, மிதித்தார்கள். புகை வராததற்குக் காரணம் கொள்கை அல்ல, தூரம்.

இதைத்தான் அமெரிக்காக்காரன் 'ஸ்மார்ட் குரோத்' என்று 1990-களில் கண்டுபிடித்தான். மேரிலாண்ட் மாநிலத்தில் 1997-ல் அந்தப் பெயரிலேயே திட்டம் வந்தது. விஷயம் ரொம்ப எளிது. ஊரை ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போகாதே. இருக்கிற தெருவுக்குள், பஸ் ஓடுகிற ரோட்டோரம், வேலைக்கும் கடைக்கும் பக்கத்தில், நடுத்தர வருமானக்காரனுக்குக் கட்டுப்படியாகிற வீடுகளைக் கட்டு. கார் தானாகக் குறையும். 2008-ல் கலிபோர்னியா இன்னும் ஒரு படி போய், வீடு, ரோடு, பஸ் எல்லாவற்றையும் ஒரே திட்டமாகப் போட்டு வாகனப் புகையைக் குறைக்கவேண்டும் என்று சட்டமே இயற்றியது. வீட்டுவசதியும் புகையும் ஒரே ஃபைலில் வந்தது. நம் ஊரில் வீடு ஒரு இலாகா, பஸ் ஒரு இலாகா, ரோடு ஒரு இலாகா, புகை இன்னொரு இலாகா. நாலு ஃபைலும் ஒரே மேஜையில் சந்திப்பது வரிசையாக நாலு கிரகம் நிற்பது மாதிரி. அபூர்வம்.

தூத்துக்குடியும் 'ஸ்மார்ட்' ஆன ஊர்தான். 2017 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தோம். பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். ரோடு போட்டார்கள், பார்க் வந்தது. குறை சொல்லவில்லை, சாயங்காலம் குழந்தைகளோடு போக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டைப் புதுசு பண்ணினால் போதாது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருகிற தூரத்தில் ஜனங்கள் குடியிருக்க வேண்டும். அவர்களை நாம் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஏன் வெளியே போகிறார்கள்? உள்ளே வாங்க முடியவில்லை. கிழக்கே கடல். தெற்கே, வடக்கே உப்பளம். குஜராத்துக்கு அடுத்து இந்தியாவுக்கு உப்புப் போடுகிறது தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டம். உப்பளத்தில் வீடு கட்ட முடியாது, கட்டவும் கூடாது. மிச்சம் மேற்குத் திசைதான். வேலையெல்லாம் கடலோரம், வீடெல்லாம் மேற்கே. காலையில் ஊர் முழுக்க சூரியனுக்கு எதிரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிழக்கே போகிறது, சாயங்காலம் மறுபடி சூரியனுக்கு எதிரே மேற்கே வருகிறது. கூலிங் கிளாஸ் கடைக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

குவார்ட்டர்ஸ் என்ன ஆச்சு என்றால், குவார்ட்டர்ஸ் நிரந்தர ஊழியருக்கு. கான்ட்ராக்ட் ஆளுக்குக் கேட்பாஸ் உண்டு, வீட்டுச் சாவி கிடையாது. எங்கள் அப்பா தலைமுறையில் பத்துப் பேர் நிரந்தரமாகச் செய்த வேலையை இன்று கான்ட்ராக்டரிடம் விடுகிறார்கள். ஆளுக்கொரு பைக். துறைமுகக் குடியிருப்பில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் ஆலை ஒன்று சோதனை அளவில் திறந்தார்கள். அந்த மின்சாரத்தில் குடியிருப்பின் தெருவிளக்கு எரிகிறது. சந்தோஷம். அந்த விளக்குக்குக் கீழே கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருத்தன் குடும்பத்தோடு வாழ்ந்தால், அவன் மிச்சம் பிடிக்கிற புகை அந்த விளக்கு மிச்சம் பிடிக்கிற புகையைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்று என் கால்குலேட்டர் சொல்கிறது.

உப்பளத்துப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலை முடியவேண்டும் என்பதால் விடியுமுன்னே கிளம்புகிறவர்கள். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் இலவசம். அருமையான திட்டம். ஆனால் இலவச பஸ்ஸும் கிளம்பினால்தானே இலவசம்? அந்த இருட்டில் பஸ் ஏது? ஊரிலேயே குறைவாகப் புகை விடுகிறவர்கள் அவர்கள்தான், ஊரிலேயே கஷ்டப்பட்டு வேலைக்குப் போகிறவர்களும் அவர்கள்தான். புகை குறைவு என்பதற்காக மெடல் கொடுக்கும்போது கொஞ்சம் யோசித்துக் கொடுக்கவேண்டும்.

* * *

'மலிவு வீடு கட்டு' என்றால் நம் சர்க்கார்கள் கட்டாமல் இல்லை. எங்கே கட்டினார்கள் என்பதுதான் கேள்வி. சென்னையில் கூவம் கரையிலும் மற்ற இடங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், பின்னால் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கான்கிரீட் வீடு, ஃபேன், கக்கூஸ் எல்லாம் உண்டு. ஆனால் மயிலாப்பூரிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த அம்மா, காலை ஆறு மணிக்கு அங்கே பாத்திரம் தேய்க்க நிற்கவேண்டும் என்றால் இங்கே எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? பல பேர் வேலையை விட்டார்கள். சில பேர் வீட்டை விட்டார்கள். இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி வீடு கொடுப்பது, செருப்பைக் கொடுத்துவிட்டுக் காலை எடுத்துக்கொள்வது மாதிரி.

எதிர்க்கணக்கும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் சிப்காட் ஒரு குடியிருப்பு திறந்தது. 706 கோடி ரூபாய் செலவு, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். போன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்களுக்காக. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி அந்தப் பெண்கள் பெங்களூர் ஹைவேயை மறித்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கும். உட்கார்ந்ததற்குப் பலன் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சிங்கப்பூருக்கு உங்கள் சொந்தக்காரர் யாராவது போயிருப்பார். கேட்டுப் பாருங்கள். 1960-ல் வீட்டுவசதிக் கழகம் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு அங்கே பத்தில் எட்டுப் பேர் அந்த வாரியம் கட்டிய வீட்டில்தான் இருக்கிறார்கள். ஹவுசிங் போர்டு வீடு என்றால் நம் ஊரில் காரை உதிர்வது ஞாபகம் வரும். அங்கே கீழே இறங்கினால் சாப்பாட்டுக் கடை, நாலு எட்டு வைத்தால் பஸ், ரயில். 2019-ல் போட்ட திட்டத்தில், 2040-க்குள் பக்கத்துப் பேட்டை சென்டருக்கு இருபது நிமிஷத்தில் போகவேண்டும், உச்ச நேரத்தில் வேலைக்கு முக்கால் மணிக்குள் போகவேண்டும், அதுவும் நடந்தோ சைக்கிளிலோ பஸ் ரயிலிலோ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கார் வாங்கினால் அதன் விலையைப் போல வரியும் லைசென்ஸும் கட்டி அழவேண்டும் என்பது தனிக் கதை.

* * *

"எதுக்கு இவ்வளவு கஷ்டம், எலெக்ட்ரிக் வண்டி வந்துட்டா சரியாப் போச்சு" என்று ஆபீஸ் கேன்டீனில் ஒரு அண்ணாச்சி சொல்வார். எல்லா ஆபீசிலும் அந்த அண்ணாச்சி உண்டு.

வந்துவிட்டது அண்ணாச்சி, எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி 2024 பிப்ரவரியில் சில்லாநத்தம் சிப்காட்டில் அஸ்திவாரம் போட்டு, 2025 ஆகஸ்ட் 4-ல் தொழிற்சாலையைத் திறந்தது. ஆரம்பத்தில் வருஷம் 50 ஆயிரம் எலெக்ட்ரிக் கார் என்று திட்டம். பெருமைப்படவேண்டிய சங்கதி. ஆனால் மூணு விஷயம் பாருங்கள். அந்தக் காரை மாட்டுகிற பையன் அந்தக் காரில் வேலைக்கு வரமாட்டான், அவன் சம்பளத்துக்கு அது கட்டாது, பைக்கில்தான் வருவான். ரெண்டாவது, அந்தக் காருக்கு ஊட்டுகிற மின்சாரத்தில் ஒரு பங்கு எங்கள் ஊரிலேயே நிலக்கரியை எரித்து வருகிறது, சைலன்ஸர் இடம் மாறி தெர்மல் சிம்னி ஆகிறது. (காற்றாலையும் சோலாரும் பெருகப் பெருக இது குறையும், அதையும் சொல்லவேண்டும்.) மூணாவது, 22 கிலோமீட்டரை எலெக்ட்ரிக்கில் போனாலும் அது 22 கிலோமீட்டர்தான். பாட்டரி, குழந்தை தூங்குவதற்குள் உங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விடாது. டிரெய்லரையும் ஒதுக்காது.

ஊருக்குள் இடமே இல்லையா? தெப்பக்குளத்துப் பக்கமோ டபிள்யூ.ஜி.சி. ரோட்டிலோ ஒரு நடை போய்ப் பாருங்கள். மேலே ஒன்றுமில்லாத ஒற்றை மாடிக் கட்டடம், பங்காளிச் சண்டையில் பூட்டிய வீடு, பழைய கிட்டங்கி. 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் மட்டும் ஒரு கோடியே பத்து லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. வீடில்லாதவனும் ஆளில்லாத வீடும் ஒரே தெருவில். 2019-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளை மாற்றியது. அதற்கு முன் ஆயிரம் சதுர அடி மனையில் பொதுவாக 1,500 சதுர அடிதான் கட்டலாம், இப்போது 2,000. இது சின்ன மாற்றம் மாதிரித் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் மாடியில் இன்னொரு போர்ஷன் எழுப்பி வாடகைக்கு விட்டால், ஊருக்கு வெளியே ஒரு குடும்பம் குறைகிறது, ரோட்டில் ஒரு பைக் குறைகிறது. சாக்கடையும் தண்ணீரும் அதற்குத் தகுந்தாற்போல் வேண்டும், மாநகராட்சி அதைச் செய்தாக வேண்டும். மாடி மட்டும் ஏறி, குழாயில் காற்று வந்தால் பிரயோஜனமில்லை.

வெளியே போனவர்களுக்கு 2023 டிசம்பரில் இன்னொரு பாடம் கிடைத்தது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடி வந்தபோது, அந்தப் பாதையில் நாம் முப்பதடி ரோடு போட்டு, நம்பர் கல் நட்டு, 'நகர்' என்று பெயர் வைத்திருந்தோம். தண்ணீருக்கு அப்ரூவல் நம்பர் படிக்கத் தெரியவில்லை. ஊருக்குள்ளும்தான் தண்ணீர் நின்றது, மறுக்கவில்லை. ஆனால் குளத்துக்குள்ளும் ஓடைக்குள்ளும் மனை போட்டு விற்றதற்கு, விலை மலிவு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மனை பார்க்கப் போகிற இளைஞர்களுக்கு ஒரு உபாயம். கம்பெனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிக்கொண்டு போவார்கள். பிரியாணி உண்டு. ரோடு காலியாக இருக்கும், காற்று வீசும், மயில் அகவும். அன்றைக்குப் போங்கள், பிரியாணியை விடவேண்டாம். அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு மறுபடி அதே மனைக்குப் போய், அங்கிருந்து உங்கள் ஆபீசுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அடுத்த நாள் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்துப் பெட்டிக்கடையில் கேளுங்கள். வேன்காரரிடம் கேட்காதீர்கள். அவருக்கு வேன் இருக்கிறது.

மினி பஸ்ஸுக்கு 2025 ஜூனில் புதுத் திட்டம் ஒன்று தஞ்சாவூரில் தொடங்கிவைத்தார்கள். பஸ் போகாத ஊருக்கு 25 கிலோமீட்டர் வரை தனியார் மினி பஸ் ஓட்டலாம். என் தம்பி அந்தச் செய்தியைப் பேப்பரிலிருந்து கத்தரித்து பர்ஸில் வைத்திருக்கிறான். அவன் நகரில் இப்போது நாற்பது வீடு. எல்லா வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்கி ஒரு மனு தயார் பண்ணிவிட்டான். காலை ஏழேகாலுக்கு ஒரு டிரிப், சாயங்காலம் ஆறரைக்கு ஒரு டிரிப், அவ்வளவுதான் கேட்டிருக்கிறான். மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆபீஸ் நாளில் லீவு போடவேண்டும். லீவு கிடைத்தால் அடுத்த வாரம் கலெக்டர் ஆபீசில் மனு நாள் வரிசையில் நிற்பான். கலெக்டர் ஆபீஸ் கோரம்பள்ளத்தில், இவன் போகிற வழியில்தான் இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் தூரம் மிச்சம்.